கட்டிலுக்குப் பன்னிரண்டு ரூபாய்

1986இல் திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில், ஆறு கட்டில் போட்ட அறையில், கட்டிலுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து ஒரு ராத்திரி தூங்கினேன். தூங்கினேன் என்பது மிகை. மறுநாள் காலையில் வேலைக்கு இன்டர்வியூ. சர்ட்டிபிகேட் இருந்த பையைத் தலைக்கு வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் செங்கோட்டைக்காரர் ஒருவர், தலையணைக்கடியில் எக்ஸ்ரே உறையோடு. மெடிக்கல் காலேஜ் பக்கம் கான்சர் சென்டர் வந்து அப்போது ஐந்து வருஷம்தான்; அதற்குள் தென்காசி, தூத்துக்குடிவரை ஆட்கள் அங்கே வரத் தொடங்கியிருந்தார்கள். எதிர்க் கட்டிலில் கொல்லத்து முந்திரி ஏஜென்ட், படுத்ததும் குறட்டை. மூலையில் கோவளத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பையன், சொந்தக் கொசுவலையோடு.

கீழே மானேஜர் ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பி, “பேரு, அச்சன்டெ பேரு, ஊரு, வந்த காரியம். எல்லாம் எழுதணும் கேட்டோ” என்றிருந்தார். எழுதினேன். காலையில் எழுந்தபோது என் புதுச் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு போய்ச் சாலைக் கடைத்தெருவில் ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனேன்.

கோட்டாற்றுக்குத் திரும்பி இந்தக் கதையைச் சொன்னபோது, தாத்தா செருப்பைப் பற்றிக் கேட்கவேயில்லை.

“ஆளு ஆருன்னு தெரியாதவன் பக்கத்துலயா கெடந்த?”

“ஆமா தாத்தா.”

“எழுதி வாங்கினாம்லா, அதுல சாதி கேட்டானா?”

“இல்ல. ஊருதான் கேட்டான்.”

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். “அப்ப செருப்பு போனா போட்டும்” என்றார்.

தாத்தா வண்டிக்காரர். நாஞ்சில் நாட்டு நெல்லையும் அரிசியையும் கோட்டாற்றிலிருந்து திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்களில் ஒருவர். திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சந்தை அது. சுமார் 70 கிலோமீட்டர். தக்கலை, தொடுவெட்டி, நெய்யாற்றின்கரை, கரமனை. மாட்டைச் சக்கரத்தில் கட்டிவிட்டு வண்டிக்கடியில் படுப்பார்கள். அந்த ரோட்டில் கல் மண்டபங்கள் உண்டு, வழியம்பலங்கள் உண்டு, சுமைதாங்கிகள் உண்டு. சுமைதாங்கியில் இறக்கி வைக்கிற சுமைக்கு யாரும் சாதி கேட்டதில்லை. மற்ற இடங்களில் ஆளைப் பார்த்துத்தான்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பார்கள். கீழே ஆயிரம் பேர், மேலே ஆயிரம் பேர் பந்தியில் உட்காரும் கூடம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பெரிய பரணிகள் இன்னும் இருக்கின்றன. சமஸ்தானம் முழுக்க இப்படி ஊட்டுப்புரைகளை அரசாங்கச் செலவில் நடத்தினார்கள். தனியாக நடந்து வரும் வழிப்போக்கனுக்குக் காசில்லாமல் சோறு. திருவிதாங்கூருக்கு ‘தர்ம ராஜ்யம்’ என்ற பெயர் இதனால்தான் நிலைத்தது. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கே ‘தர்ம பூமி’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். வைத்துவிட்டு, அந்தத் தர்மம் யார் இலையில் விழுகிறது என்று உள்ளே கேட்டார். இலை பிராமணருடையது. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை பத்மநாப சுவாமி கோவிலில் 56 நாள் முறைஜபம் நடக்கும்போது, வடக்கேயிருந்து நம்பூதிரிகள் படகில் வந்து வள்ளக்கடவில் இறங்குவார்கள்; அத்தனை பேருக்கும் தங்க இடமும் சாப்பாடும் உண்டு. நெல் கொண்டுவந்த வண்டிக்காரனுக்கு வண்டிதான் கூரை.

1892 டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு ஒரு வங்காளி வந்தார். காவி உடை, கையில் காசில்லை, கூடக் கொச்சி சமஸ்தானத்து முஸ்லிம் பியூன் ஒருவர். திருவிதாங்கூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்த சுந்தரராம ஐயர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஐயரின் பன்னிரண்டு வயது மகன் உடுப்பைப் பார்த்துவிட்டு, யாரோ முஸ்லிம் வந்திருக்கிறார் என்று உள்ளே போய்ச் சொன்னான். இரண்டு நாளாகக் கொஞ்சம் பாலைத் தவிர ஒன்றும் சாப்பிடாத விவேகானந்தர், முதலில் பியூனுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். அவன் சாப்பிட்டு விடைபெற்ற பிறகுதான் தனக்கு என்றார். பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் தங்கினார். இதையெல்லாம் எழுதி வைத்தவர் சுந்தரராம ஐயரேதான். இந்த ஊரின் விருந்தோம்பல் சரித்திரத்தில் என் ஓட்டு அந்த வீட்டுக்கு, ஊட்டுப்புரைக்கு அல்ல.

ரயில் 1918இல் ஊர் எல்லைக்கு வந்தது. 1931இல் தம்பானூருக்கே வந்துவிட்டது. டிக்கெட் எடுத்தவன் பக்கத்தில் டிக்கெட் எடுத்தவன் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜா கோவில் கதவுகளை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிட்டார். தாத்தா அப்போது முப்பது தாண்டியவர். கோவிலுக்குள் போனதைவிட, திரும்பும் வழியில் ஒரு கல் மண்டபத்தில் கால் நீட்டிப் படுத்ததைத்தான் அவர் அதிகம் சொல்வார்.

முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் படுப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். நம் சத்திரத்தில் இல்லாததா என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் எனக்கு ஒப்பாது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909இல் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனபோது புயலில் மாட்டி, ஒரு பள்ளிக்கூட அறையில் வைக்கோல் பரப்பிப் படுத்தார். லீவில் சும்மா கிடக்கும் பள்ளிகளை இப்படிப் பயன்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றியதுதான் யூத் ஹாஸ்டலின் ஆரம்பம். படுக்கை பகிர்வது நமக்குப் பழையது. யார் என்று கேட்காமல் பகிர்வது நமக்கும் புதிதுதான்.

என் மகள் போன வருஷம் தனியாக ஐரோப்பா சுற்றினாள். எட்டுக் கட்டில் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, பின்னால் தூங்குகிறவர்களைக் காட்டினாள். கொரியாக்காரி, பிரேசில்காரி, இன்னொருத்தி எந்த நாடென்று இவளுக்கே தெரியவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. அவள் அம்மா மட்டும் சிரித்தாள்: “ஆற்றுக்கால் பொங்காலைக்கு நம்ம வீட்டுல வந்து படுக்கிற பொம்பளைங்க எல்லாம் உங்க சொந்தக்காரங்களா?”

நியாயம்தான். நான் இப்போது இருப்பது திருவனந்தபுரம் மணக்காட்டில், ஆற்றுக்கால் கோவிலுக்குப் பக்கத்தில். மாசியில் அந்தக் கோவில் பொங்காலைக்கு முதல்நாளே பெண்கள் வந்து ரோட்டோரம் மூன்று செங்கல் வைத்து இடம் பிடிப்பார்கள். 1997இல் 15 லட்சம், 2009இல் 25 லட்சம் என்று கின்னஸ் கணக்கு. இத்தனை பெண்களுக்கு எந்த ஊரிலும் லாட்ஜ் கிடையாது. அதனால் திண்ணை, முன்னறை, கார் ஷெட் எல்லாம் படுக்கைதான். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் பதினோரு பேர். யார் பெயரும் கேட்கவில்லை; குளியலறைக்கு வரிசை மட்டும் என் மனைவி எழுதி ஒட்டினாள்.

அடுத்த மாசிக்கு வருகிறவர்களுக்கு: பாய் ஆறு இருக்கிறது, தலையணை கொண்டுவாருங்கள். செருப்பை உள்ளே கழற்றி வையுங்கள்.