கத்தியும் மருந்தும்: ஒரு கேள்வியின் வரலாறு



மார்பகப் புற்றுநோயைப் பற்றி வாய்விட்டுப் பேச நம் தோட்டத்துக் குடும்பங்களில் இன்னும் கூச்சம் இருக்கிறது. கூச்சத்தை ஒதுக்கிவைத்து, அந்நோயின் வரலாற்றில் எழுந்த ஒரு கேள்வியை இன்று ஆராய்வோம்.

அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டவர் ஒரு மாணவியின் தகப்பனார். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. முதன்முதல் மருத்துவமனைக்குப் போனபோதே நோய் எலும்புக்கும் பரவியிருந்தது. “வாத்தியாரே, ஊசியும் மாத்திரையுந்தான் கொடுக்கிறாங்க. கட்டிய வெட்டி எடுக்க மாட்டேங்கிறாங்க. கைவிட்டுட்டாங்களா?” என்று கேட்டார். நகையை விற்றாவது வேறிடத்தில் வெட்டி எடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அன்று நம்மிடம் பதில் இல்லை. பிறகு படித்தும் விசாரித்தும் அறிந்ததையே இங்கே சொல்கிறோம்.

கட்டி இருக்கும் இடத்தில் கத்தி வைக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டட், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசையையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து அகற்றினார். 50 பெண்களுக்குச் செய்த அறுவையைப் பற்றி 1894இல் எழுதினார். அவர் முறையே பல பத்தாண்டுகள் உலகெங்கும் நிலைத்தது.

ஆனால் 1896இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர் ஒரு புதுமையை வெளியிட்டார். அறுவைக்குப் பின்னும் மார்பில் நோய் திரும்பிய ஒரு பெண்ணுக்கு அவர் சினைப்பைகளை அகற்றினார். கட்டியில் கத்தி படவில்லை. ஆயினும் கட்டி கரைந்தது. ஓரிடத்து நோயை உடல் முழுவதும் ஓடும் ஒரு சுரப்புநீர் வளர்க்கக்கூடும் என்பதற்கு அது சாட்சியாயிற்று.

லாலாங் புல்லை அறியாத தோட்டத்தார் உண்டா? மேலே எத்தனை முறை வெட்டினாலும் மண்ணுக்குள் ஓடும் வேர்க்கிழங்கு மீண்டும் தளிர்க்கும். பரவிவிட்ட புற்றுநோயும் ஏறக்குறைய அப்படித்தான். 1970களில் பெர்னார்டு ஃபிஷர் என்ற அமெரிக்க மருத்துவர் நடத்திய ஆய்வுகள், பெரிதாக வெட்டியதால் மட்டும் ஆயுள் கூடவில்லை என்று காட்டின. அதே காலத்தில் தமொக்சிஃபென் மாத்திரையும், கீமோதெரபி மருந்துகளும் பயனுக்கு வந்தன. ஓரிடத்துக்குச் செய்யும் அறுவையும் கதிர்வீச்சும் ஒரு வகை. உடல் முழுமைக்கும் போகும் மருந்து மற்றொரு வகை என்று சிகிச்சை இரண்டாகப் பிரிந்தது.

கண்டுபிடிக்கும்போதே நோய் பரவியிருந்தால் என்ன செய்வது? மருந்தோடு மார்பிலுள்ள கட்டியையும் வெட்டி எடுத்தால் ஆயுள் நீளுமா? இதுவே அந்தத் தகப்பனாரின் கேள்வி. மருத்துவ உலகின் கேள்வியும் இதுவே.

2002இல் அமெரிக்காவில், இத்தகைய 16,023 பெண்களின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் நோயாளிகளைப் பற்றி 2011இல் வெளிவந்த ஆய்விலும் அதே தோற்றம் தெரிந்தது. அப்படியானால் வெட்டுவதே நல்லது என்று முடிவு கட்டலாமா?

அவசரப்படக்கூடாது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு மட்டும் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வென்றதும், சப்பாத்தே வெற்றி தந்தது என்று சொல்வது சரியா? பழைய பதிவேடுகளிலும் பெரும்பாலும் வயது குறைந்தவர்களும், நோய் குறைவாகப் பரவியவர்களுமே அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முன்வந்தது, 1941இல் பம்பாயில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை. டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில் 2005 முதல் 2013 வரை 350 பெண்கள் ஆய்வில் சேர்ந்தனர். பெரும்பாலோருக்கு முதலில் கீமோதெரபி தந்து, நோய் அடங்கிய பிறகு, திருவுளச் சீட்டுப் போல அவர்களை இரு பிரிவாக்கினார்கள். 173 பேருக்கு மார்பக அறுவை முதலான இடச் சிகிச்சை. 177 பேருக்கு அது இல்லை. யாரும் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

முடிவு 2015இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்ட பிரிவில் பாதிப்பேர் 19.2 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர்; செய்துகொள்ளாத பிரிவில் 20.5 மாதங்களுக்கு மேல். ஆயுளில் வேறுபாடு இல்லை என்பதே இதன் பொருள். மார்பில் நோய் மீண்டும் வளர்வது மட்டும் அறுவையால் வெகுவாகக் குறைந்தது.

எல்லா ஆய்வும் ஒரே பதிலைத் தரவில்லை. துருக்கியில் 2018இல் வெளிவந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு ஏறத்தாழ 42 பேர் ஐந்தாண்டு வாழ்ந்தனர். மற்றவர்களில் 24 பேர். ஆனால் அங்கே அறுவைப் பிரிவில் இலேசான நோயுடையவர்கள் மிகுதியாக இருந்தனர் என்று பலர் சுட்டிக்காட்டினர். பின்னர் 256 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வும், 2023இல் அறிவிக்கப்பட்ட ஜப்பானிய ஆய்வும் பம்பாயின் பதிலையே உறுதிப்படுத்தின.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு இன்று நாம் சொல்லக்கூடியது இதுதான். கத்தி எடுக்காததால் மருத்துவர் கைவிட்டார் என்று பொருளல்ல. பரவிய நோயில் மருந்தே முதல் ஆயுதம். கட்டி புண்ணாகி, இரத்தம் கசிந்து, வலி கொடுத்தால், அந்தத் துன்பத்தைத் தணிக்க அறுவையோ கதிர்வீச்சோ உதவும். சிலருக்கு வேறு காரணங்களாலும் மருத்துவர் அறுவையை யோசிக்கலாம். “எங்களுக்கு எது, ஏன்?” என்று தயங்காமல் அவரிடமே கேளுங்கள். நகையை விற்பதற்கு முன் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நோய் பரவாத நிலையில் அறுவைதான் குணத்துக்கு வழி. அப்போது கத்திக்குப் பயந்து நாட்டு மருந்தைத் தேடி ஓடினால், குணமாகக்கூடிய நோயும் பரவிவிடும்.

சிகாமட்டானாலும் குளுவாங்கானாலும், நம் பெண்கள் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பி, குடும்பத்தின் பசியைக் கவனித்துத் தம் உடம்பை மறந்துவிடுகிறார்கள். கட்டியைச் சேலைக்குள் மறைத்து மாதங்களை ஓட்டுகிறார்கள். மார்பில் வலியில்லாத கட்டியோ, தோல் சுருக்கமோ, காம்பில் இரத்தக் கசிவோ கண்டால், அடுத்த சம்பள நாள் வரை காத்திராமல் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். தாதியரிடம் வெட்கம் வேண்டாம். கூட ஒருவர் வருவது நல்லது. அது கணவராகவே இருக்கட்டும்.

பம்பாயில் அந்த 350 பெண்களும் தங்கள் உடம்பையே சாட்சியாகத் தந்து, முன்பின் அறியாத பெண்களுக்காக ஒரு கேள்விக்கு விடை தேடித் தந்தார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் தந்த விடை நம் லயத்து வீடுவரை வந்து சேரட்டும்.