கப்பலேறும் முன் செய்த ஆயத்தம்



சென்ற மாதம், ஐந்தாம் ஆண்டில் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை என்னைக் காணப் பள்ளிக்கு வந்திருந்தார். அவருக்கு மெல்பர்ன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டிறுதியில் குடும்பத்தோடு புறப்படுகிறார். மகளின் பள்ளி ஆவணங்களைக் கேட்டுப் பெற வந்தவர், கையோடு ஒரு பட்டியலையும் கொண்டு வந்திருந்தார். கடப்பிதழ், விசா, தடுப்பூசிச் சான்று, வாடகை வீடு, காருக்கான உரிமம், வங்கிக் கணக்கு, குளிராடை என நான்கு பக்கங்களுக்கு வரிசைப்படுத்தியிருந்தார்.

“டீச்சர், இதுல ஏதாச்சும் விட்டுப் போச்சான்னு கொஞ்சம் பாருங்க,” என்றார்.

பார்த்துச் சொல்வதாகக் கூறி ஒரு படியை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிரவு அதைப் படித்தபோது என் அப்பாயியின் இடக்கையில் இருந்த வட்டத் தழும்பு நினைவுக்கு வந்தது. 1927-இல், பத்து வயதில், நாகப்பட்டினத்தில் கப்பலேறும் முன் அம்மை குத்திய தழும்பு அது. கடல் கடப்பதற்கு அவருக்குச் செய்யப்பட்ட ஆயத்தத்தில் கடைசிவரை எஞ்சி நின்றது அது ஒன்றுதான்.

நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த வரலாற்றைப் பலமுறை படித்திருக்கிறோம், மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறோம். ஆனால், அவர்கள் புறப்படும் முன் என்ன ஆயத்தம் செய்தார்கள், அதை யார் செய்தார்கள் என்ற கோணத்தில் அவ்வரலாற்றை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இக்கட்டுரை அந்த எண்ணத்தில் எழுதப்பட்டது.

பிறர் செய்து வைத்த ஆயத்தம்

தொடக்கக் காலத்தில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகவே மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டனர். பயணச் செலவையும் முன்பணத்தையும் கழிக்கும்வரை அவர்கள் முதலாளியை விட்டு விலக இயலாது. 1910-இல் இம்முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. இரப்பர் விலை ஏறிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்கு ஆள் தேவை பெருகியது. அத்தேவையை ஈடுசெய்தவர்கள் ஆள்கட்டும் கங்காணிகள்.

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே துரை தேர்ந்தெடுத்து, உரிமம் பெற்றுத் தந்து, அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பி வைப்பார். நல்ல வேட்டியும் கையில் பணமுமாக ஊர் திரும்பும் அவரைக் கண்டு உறவினரும் அயலாரும் புறப்படத் துணிவர். மழை பொய்த்த ஆண்டுகளில் துணிபவர் தொகை கூடும். கங்காணி சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்தி ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. பிறகு அவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே மருத்துவச் சோதனை நடக்கும், அம்மை குத்துவார்கள், கப்பல் வரும்வரை சோறு போடுவார்கள்.

இச்செலவை யார் ஏற்றனர்? 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என்ற ஒன்று சட்டத்தின்வழி அமைக்கப்பட்டது. வேலைக்கு வைத்துள்ள தமிழ்த் தொழிலாளர்களின் அளவுக்கேற்பத் தோட்ட முதலாளிகள் அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். இரயில் கட்டணம், முகாமில் உணவு, கப்பல் கட்டணம் ஆகிய எல்லாம் அதிலிருந்தே கொடுக்கப்பட்டன. இதனால் தொழிலாளி சட்டப்படி பயணக் கடன் ஏதுமின்றி வந்து இறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையிலிருந்து விலகவும் அவருக்கு உரிமை இருந்தது. ஒப்பந்தக் கூலி முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க இயலாது.

எனினும், ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆயத்தம் முழுவதும் ஒரு தொழிலாளியை உயிரோடும் உடல் நலத்தோடும் தோட்டத்தில் கொண்டு சேர்ப்பதற்கான ஆயத்தம். பினாங்கை அடைந்தவுடன் ஜெரஜாக் தீவில் தங்க வைத்து நோய்க்குறி உண்டா எனக் கண்காணித்ததும் அதற்காகத்தான். தோட்டத்தில் எத்தனை பேர் காலையில் பெரட்டுக்கு நிற்கின்றனரோ அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. ஆட்கள் குறையாமல் இருந்தால் அவருக்கு ஊதியம் குறையாது. ஆட்கள் மலாய்மொழி அறிந்திருக்க வேண்டும், நாட்டின் சட்டம் அறிந்திருக்க வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் பயன் இல்லை.

அப்பாயியின் குடும்பம் என்ன எடுத்து வந்தது என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “என்னத்தைப் பெருசா! ரெண்டு பாயி, ஒரு பித்தளைச் செம்பு, புளி, மொளகா. மூணு வருசத்துல திரும்பிப் போறவங்களுக்கு எதுக்குப் பொட்டி படுக்கை?” என்றார். மூன்று ஆண்டு என்பதுதான் அவர் தந்தையின் கணக்கு. அந்தக் கணக்குக்கு அந்த மூட்டை போதும்.

தாமே ஆயத்தமாகி வந்தவர்கள்

அதே காலத்தில் மலாயாவுக்கு வந்த தமிழர்கள் எல்லாரும் இவ்வாறு வரவில்லை. ஒப்பீட்டுக்காக இரு பிரிவினரைச் சொல்கிறேன்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் வழக்கில் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்றொரு சொல் உண்டு. கடல் கடந்து தொழிலுக்குச் செல்வதை அது குறிக்கும். அவர்கள் வீட்டுப் பையன்கள் கணக்கும் வட்டிக் கணக்கும் கற்று, ‘பெட்டியடிப் பையனாக’ அமர்ந்து தொழில் பழகி, பிறகு ‘அடுத்தாளாக’ உயர்வர். வெளிநாட்டில் கடை நடத்தும் ஆள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கே அனுப்பப்பட்டார். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில் தங்கவும் தொழில் செய்யவும் இடம் முன்பே காத்திருந்தது. திரும்பிச் செல்லும் நாளையும் அவர்கள் புறப்படும்போதே அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாணத் தமிழரின் ஆயத்தம் வேறு வகை. 1823-இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய கல்வி நிலையமும் அதைத் தொடர்ந்த மிஷன் பள்ளிகளும் அங்கே ஆங்கிலக் கல்வியைப் பரப்பியிருந்தன. 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையில் மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்ட பின்னர், நில அளவைக்கும் இரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் அறிந்தவர்கள் தேவைப்பட்டனர். சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் கப்பலேறினர். முன்னே வந்த உறவினர் பின்னே வருவோருக்கு இடமும் வேலையும் பார்த்து வைத்தார். பிள்ளைகளின் படிப்பை அவர்கள் முதல் செலவாகவே கருதினர்.

இதில் உயர்வு தாழ்வு பேசுவது என் நோக்கமன்று. ஆயத்தம் செய்து கொள்ள நேரமும் படிப்பும் கையிருப்பும் வேண்டும். பசியோடு புறப்பட்டவர்களுக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே அவர்களுக்காகப் பிறர் ஆயத்தம் செய்தனர். தமக்கு வேண்டியதை மட்டும் செய்தனர்.

விடுபட்டுப் போன இரண்டு

அப்படி விடுபட்டவற்றுள் முதலாவது பிள்ளைகளின் கல்வி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் அதுவே. ஆயினும், பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை; ஆசிரியர் என்பவர் ஓய்வு நேரத்தில் வந்த கிராணியோ கங்காணியோ. மூன்றாண்டில் திரும்பிவிடலாம் என்றிருந்த பெற்றோரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அப்பாயி அக்கொட்டகையின் வாசலைத் தாண்டியதில்லை. தம்பியை இடுப்பில் சுமந்தார். பன்னிரண்டு வயதில் களை வெட்டப் போனார்.

இரண்டாவது ஆவணம். வந்தவர்கள் பெரும்பாலோர் தம்மைத் தற்காலிகக் குடிகளாகவே கருதினர். அரசும் அப்படியே கருதியது. 1930-ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியின்போது பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டது அதற்குச் சான்று. 1938 ஜூன் மாதத்தில், உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் போரும் ஜப்பானியர் ஆட்சியும் வந்தன. மூன்றாண்டுக் கணக்கு முப்பதாண்டு ஆயிற்று.

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அன்று முதல் இங்கே பிறந்த குழந்தைகள் சட்டப்படி குடிமக்களாயினர். ஆனால், கடல் கடந்து வந்தவர்கள் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு இவை மலையளவு வேலைகள்.

அப்பாயியும் அவர் அண்ணனும்

எங்கள் தோட்டத்தில் ஒரு கிராணியார் மாலை வேளைகளில் லயம் லயமாகச் சென்று படிவம் நிரப்பிக் கொடுத்தாராம். தாத்தாவும் அப்பாயியும் கைநாட்டு வைத்தனர். கூடவே கப்பலில் வந்த அப்பாயியின் அண்ணன் வைக்கவில்லை. “அடுத்த வருசம் ஊருக்குப் போறவனுக்கு இந்தக் கடுதாசி எதுக்கு?” என்றாராம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் சொல்லும் பேச்சு அது.

1968-இல் வேலை வாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற நிலை 1969-இல் வந்தது. வாழ்நாள் முழுதும் பால்மரம் சீவிய பல்லாயிரவர் ஒரே நாளில் அந்நியத் தொழிலாளர்களாயினர். அப்பாயியின் அண்ணனிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அவர் மனைவியையும் இளைய மகனையும் அழைத்துக்கொண்டு 1970-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறினார். மணமாகிவிட்ட மகள் இங்கேயே நின்றுவிட்டார். அண்ணனும் தங்கையும் அதன்பின் சந்திக்கவே இல்லை.

ஊரிலிருந்து வந்த முதல் கடிதத்தை என் அப்பாதான் படித்துக் காட்டினார். ஊரில் தன்னை ‘மலாயாக்காரன்’ என்று அழைக்கிறார்கள் என்று அதில் இருந்ததாம். அப்பாயி அக்கடிதத்தைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார். அவரால் அதைப் படிக்க இயலாது. எடுத்துப் பார்ப்பார், மீண்டும் வைப்பார். 1999-இல் அவர் மறைந்தபோது அது மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டுகளாக இருந்தது.

அண்ணனும் தங்கையும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள். ஒரு படிவம் இருவரின் வாழ்வையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. என் அப்பா பள்ளிக்குச் சென்றதும், நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கால் வைத்ததும் அப்படிவத்தின் தொடர்ச்சியே என்று எண்ணும்போது அந்தக் கிராணியாரை மனத்துக்குள் வணங்கத் தோன்றுகிறது.

பட்டியலில் நான் சேர்த்தவை

மறுவாரம் அத்தந்தையிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எழுதியவை எல்லாம் சரியே. சென்று சேர்வதற்கு வேண்டியவை அனைத்தும் அதில் இருந்தன. தங்கி வாழ்வதற்கு வேண்டியவற்றுள் இரண்டை மட்டும் நான் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

ஒன்று, ஆவணங்கள். நால்வரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகள் ஆகியவற்றின் மூலப்படிகள் ஒரே உறையில் இருக்கட்டும். படி ஒன்று இங்கே உறவினரிடம் இருக்கட்டும். அங்கே பிள்ளை பிறந்தால் ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிவு செய்ய மறக்க வேண்டாம். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; ஆகவே அந்த முடிவைத் தள்ளிப் போடாமல், கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி எடுக்க வேண்டும். ‘அடுத்த ஆண்டு திரும்பிவிடுவோம்’ என்ற பேச்சை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டு, மகளின் தமிழ். விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் ஆண்டுத் தேர்விலேயே தமிழை ஒரு பாடமாக எடுக்க வழி உண்டு. வார இறுதித் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. இவற்றைப் போய்ச் சேர்ந்த பிறகு தேடலாம் என்றால் நாள் கடந்துவிடும். இப்போதே விசாரித்து முகவரியைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

அவர் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “டீச்சர், எங்க தாத்தாவும் செவப்பு ஐ.சி.தான்,” என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவரிடமும், தம் குடும்பத்தில் முதலில் கடல் கடந்து வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது வீட்டில் உள்ள பழைய பத்திரங்களையும் எடுத்துக் காட்டுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். கேட்க வேண்டியவற்றை இப்போதே கேட்டுவிடுவோம்.