தூக்கத்துக்கும் ஒரு போட்டி

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எந்த அணிக்கு எந்த ஓட்டல் என்பதை அமைப்பாளர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஜூலை வெயிலில் மலையேறி வந்தவருக்கு ஏசி இல்லாத அறையும் வாய்க்கும். தூக்கம் போச்சுன்னா மறுநாள் கால் சுத்தாது.

இந்தப் புலம்பல் பழசுதான். 1978-ல் ராத்திரி தாமதமாகப் படுத்து, விடியற்காலையில் எழுப்பப்பட்ட வீரர்கள், வலான்ஸ் தாழான் ஊரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே கோட்டைத் தாண்டினார்கள். முன்னால் நின்றவர் பெர்னார் இனோ.

பின்னாளில் ஸ்கை அணி மெத்தை, தலையணை, ஏசி எல்லாத்தையும் வண்டியில் ஏத்திக்கிட்டுப் போனது. 2015 மே மாத ஜிரோ டி இத்தாலியாவில் ரிச்சி போர்ட்டைத் தனி மோட்டார் வீட்டிலேயே தூங்க வைத்தார்கள். ஜூனில் சர்வதேச சைக்கிள் சங்கம் தடை போட்டது: எல்லாரும் அமைப்பாளர் தரும் ஓட்டலில்தான் தங்கணும். சமவாய்ப்பாம்! எனக்கென்னவோ அது பாதி சமம்தான்; காசுள்ள அணியின் மெத்தை இன்றும் ஓட்டல் படியேறிப் போகிறது.