மூடிய சன்னல் மீண்டும் திறந்த கதை

சிறு தொழில் நடத்தும் ஒருவர், ஏழெட்டுப் பேர் அமர்ந்து வேலை செய்ய ஓர் அலுவலகம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சுற்றுச்சூழலைக் கெடுக்காததாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். உடனே, எந்தக் கருவியை வாங்கலாம் என்றுதான் அவர் மனம் ஓடும். ஆனால் அலுவலகக் கட்டடங்களின் வரலாற்றைப் பார்த்தால், கருவிக்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு என்பது விளங்கும். அதுதான் சன்னல்.

பகலொளியை நம்பிய காலம்

மின்விளக்கு பரவுமுன் அலுவலகத்திற்குச் சூரியனே விளக்கு. சன்னலை விட்டு வெகுதூரம் தள்ளி மேசை போட்டால் கணக்கெழுத இயலாது. ஆகவே அறைகள் அகலம் குறைந்தும், கூரை உயர்ந்தும் இருந்தன. சிக்காகோ நகரில் 1888-இல் எழுந்த ரூக்கரி கட்டடத்தின் நடுவே, உள்ளறைகளுக்கும் வெளிச்சம் கிடைப்பதற்காகப் பெரிய முற்றம் விடப்பட்டது.

காற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஓர் ஆளுக்கு நிமிடத்திற்கு 30 கன அடி வெளிக்காற்று தேவை என்று அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1895-இல் வரையறுத்தது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் கொள்க.

சன்னல் மூடியது

1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்திற்கு விந்தையான தொல்லை ஏற்பட்டது. காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் காகிதம் விரிந்து சுருங்கியதால், ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பதியவில்லை. வில்லிஸ் காரியர் என்ற 25 வயதுப் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மீது காற்றைச் செலுத்தி ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வகுத்தார். காகிதத்திற்காகப் பிறந்த இந்தக் குளிர்பதன முறை, பின்னர் மனிதருக்கும் பயன்பட்டது. 1928-இல் டெக்சாசில் 21 மாடி மைலம் கட்டடம் முழுவதும் குளிரூட்டப்பட்டது. 1938-இல் குழல் விளக்கு விற்பனைக்கு வந்தது. இனிப் பகலொளி எட்டாத உள்ளறையிலும் மேசை போடலாம்!

1952-இல் நியூயார்க்கில் எழுந்த லீவர் ஹவுஸ், கண்ணாடிச் சுவர் கொண்டது. அதன் சன்னல்களைத் திறக்கவே முடியாது. உலகெங்கும் இதைப் பின்பற்றினர். ஆனால் கண்ணாடிக்கு ஓர் இயல்பு உண்டு. வெயிலை உள்ளே விடும். அந்த வெயிலால் சூடேறிய பொருள்கள் வீசும் வெப்பக்கதிரை எளிதில் வெளியே விடாது. அவ்வாறு சிக்கிய வெப்பத்தை வெளியேற்ற இயந்திரம் ஓயாது உழைக்க வேண்டும். மின்சாரம் மலிவாக இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை.

மூச்சுத் திணறிய கட்டடங்கள்

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற எண்ணெய், சில மாதங்களில் ஏறத்தாழ 12 டாலரைத் தொட்டது. செலவைக் குறைக்க என்ன வழி? வெளிக்காற்றைக் குறைத்தால், குளிரூட்ட வேண்டிய காற்றும் குறையும் அல்லவா? 1930-களின் ஆய்வுகளுக்குப் பின் 10 கன அடியாகக் குறைந்திருந்த அளவு, 1981-இன் அமெரிக்க விதியில், புகை பிடிக்காத அலுவலகங்களுக்கு 5 கன அடி ஆயிற்று.

விளைவு விபரீதமாயிற்று. ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு ஆவியும், தரைவிரிப்புகளின் நெடியும் உள்ளேயே தங்கின. ஊழியர்களுக்குத் தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு; வெளியே வந்தால் அவை தணிந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 1980-களில் இந்த நிலையை ஆராய்ந்தது. 'நோயுற்ற கட்டடம்' என்ற பெயரும் வழக்கில் வந்தது. 1989-இல் அலுவலகங்களுக்கான அளவு 20 கன அடியாக உயர்த்தப்பட்டது. காற்றை நெரித்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது சிக்கனம் ஆகாது என்ற பாடம் இவ்வாறு கற்கப்பட்டது.

செங்கல் காட்டிய வழி

இதே காலத்தில் திருவனந்தபுரத்தில் வேறொரு முயற்சி நடந்தது. பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்திற்கு, இங்கிலாந்தில் பிறந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் 1970-களில் கட்டடங்கள் அமைத்தார். கண்ணாடிக்கு மாற்றாக, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற் சுவர்களைப் பயன்படுத்தினார். அவை வெயிலைத் தடுத்தன, காற்றை விட்டன, செலவும் குறைவு. குளிர்ச்சி இன்றியமையாத கணிப்பொறிக் கூடத்திற்கோ, இரட்டைச் சுவர் எழுப்பி வெப்பத்தைத் தடுத்தார்.

2004-இல் ஐதராபாத்தில் திறக்கப்பட்ட பசுமை வணிக மையம், அமெரிக்காவின் 'லீட்' திட்டத்தில் மிக உயர்ந்த பிளாட்டினம் தரம் பெற்றது. அதன் சிறப்புகளில் துளைச் சுவர், நடு முற்றம், கூரைத் தோட்டம் ஆகியவை அடங்கும். பழைய அறிவே புதிய சான்றிதழ் பெற்றது எனலாம்.

சிறு அலுவலகத்திற்கு

நம் சிறு தொழில் நண்பர் இந்த வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியது, ஒரு வரிசைமுறையே. முதலில் நிழல். கிழக்கு, மேற்கு வெயில் சாய்வாக உள்ளே பாயும். ஆகவே பெரிய சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, மேலே வெயில் மறைப்பும் அமைக்க வேண்டும். இரண்டாவது, ஒளி. சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அதன் இரு மடங்கு தொலைவு வரை பகலொளி பயன்படும்; மேசைகளை அதற்குள் போடலாம். மூன்றாவது, எதிரெதிர்ச் சன்னல்களால் காற்றோட்டம். அதன்பின் மின்விசிறி. எஞ்சிய வெப்பத்திற்கு மட்டுமே குளிர்சாதனம். அதிலும் ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது இந்திய ஆற்றல் சிக்கனத் துறையின் மதிப்பீடு.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கண்ணாடிப் பெட்டியைக் கட்டிவிட்டு அதன்மேல் சூரிய மின்தகடு பதிப்பவர், தேவையற்ற வெப்பத்தை வரவழைத்து, அதை விரட்டவே அந்த மின்சாரத்தைச் செலவிடுவார்.