ரெண்டாம் தடவை கரண்டு வைக்கலாமா? – அடையாறிலிருந்து பாரிஸ் வரை ஒரு வரலாறு



"வாய்ப்புற்றுக்கு ஒரு தடவை கரண்டு வச்சாச்சு. இப்போ கழுத்துல திரும்ப வந்திருக்கு. மறுபடி வைக்கக் கூடாதா சார்?" புகையிலை போடும் பழக்கமுள்ள நம் பாகூர் கொம்யூனில் இந்தக் கேள்வி புதிதல்ல. கரண்டு என்று நாம் சொல்வது மின்சாரம் அல்ல, கதிர்வீச்சு.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1957-இல் அங்கே கோபால்ட் கருவி வந்தது. வாய்ப்புற்றோடு வந்தவர்களில் பலர் நோய் முற்றியபிறகே வந்தார்கள். கதிர் மட்டும் போதவில்லை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜப்பானில் கண்டுபிடித்த பிளியோமைசின் மருந்தைச் சேர்த்தபோது கட்டி கரைந்தவர்கள் கூடினார்கள். இதை 1980-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உலகம் பின்னால் நடந்த பாதையில் நம்மவர்கள் முன்னாலேயே நடந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அது முதல் தடவை வைத்தியம். அதே இடத்தில் நோய் திரும்பினால்? முதல் தடவையே ஏழு வாரத்தில் 70 கிரே வரை கதிர் கொடுத்திருப்பார்கள். கட்டி போனாலும் தோல், தாடை எலும்பு, கழுத்து ரத்தக்குழாய் எல்லாம் அந்தச் சூட்டைக் கணக்கில் வைத்திருக்கும். அதனால்தான் மருத்துவர்கள் வெகுகாலம் தயங்கினார்கள்.

துணிந்து செய்தவர்களில் முக்கியமானவர்கள் பாரிசை ஒட்டிய வில்ஜூயிஃப் ஊரின் குஸ்தாவ் ரூசி மருத்துவமனையினர். பிரான்சில் சொந்தம் உள்ள நம் குடும்பங்களுக்குத் தெரிந்த பெயராக இருக்கலாம். அறுவை செய்ய முடியாத 169 பேருக்கு, பெரும்பாலும் மருந்தோடு சேர்த்து, மறுபடி கதிர் கொடுத்தார்கள். 1998-இல் கணக்கை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர், ஐந்து ஆண்டு இருந்தவர்கள் 9 பேர். சிலருக்கு வாய் திறக்க முடியாமல் போனது, சிலருக்குத் தாடை எலும்பு செத்தது, கழுத்து ரத்தக்குழாய் உடைந்து இறந்தவர்களும் உண்டு. குறைவுதான். ஆனால் அதுவரை கைவிடப்பட்டவர்கள் அவர்கள்.

2008-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். திரும்பி வந்த கட்டியை அறுத்து எடுத்த 130 பேரில் பாதிப்பேருக்கு மருந்தும் கதிரும், மீதிப்பேருக்குக் கண்காணிப்பு மட்டும். சிகிச்சை பெற்றவர்களிடம் நோய் திரும்புவது குறைந்தது. ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை. கடுமையான பின்விளைவோ அதிகம்.

ஆகவே ஜிப்மரிலோ அடையாறிலோ "இவருக்கு வேண்டாம்" என்றால் அது அலட்சியம் இல்லை. முதல் கதிர் வைத்து எத்தனை காலம் ஆனது, அறுக்க முடியுமா, உடம்பு தாங்குமா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதற்குப் பழைய பைல் வேண்டும். எவ்வளவு கதிர், எந்த இடத்தில் என்று அதில்தான் இருக்கும். பரணில் போட்டிருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.