பாதியில் நின்ற பயாஸ்

சென்ற அக்டோபரில் என் கம்ப்யூட்டர் ஒன்பது நாள் கட்டை போலக் கிடந்தது. சுவிட்சை அழுத்தினால் விசிறி சுற்றும், முன்பக்கத்து விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். கெடுத்தது வேறு யாருமல்ல, நானேதான்.

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமானால் மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயங்க வேண்டும். என்னுடையது 2018-இல் வாங்கியது. அதில் அந்த வசதி ஒழுங்காக வேலை செய்ய பயாஸைப் புதுப்பிக்க வேண்டும் என்று தங்கையின் பேரன் சொன்னான். "நான் சனிக்கிழமை வந்து செய்யறேன் தாத்தா, நீங்க கை வைக்காதீங்க" என்றான். முப்பத்தைந்து வருடம் ஃபைல் தள்ளியவனுக்கு சனிக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமையில்லை. வியாழக்கிழமை மதியம் நானே உட்கார்ந்தேன். திரையில் நகர்ந்த கோடு பாதியைத் தாண்டிய நேரத்தில் மின்சாரம் நின்றது. யுபிஎஸ் ஒரு முறை கூவி அடங்கியது. அதன் பேட்டரிக்கு ஐந்து வயது. மாற்ற வேண்டும் என்று டைரியில் குறித்து வைத்தவனும் நானே.

கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் அதற்குள் என் அம்மாவின் குரல் இருந்தது. 1987-இல் இரண்டு கேசட்டுகளில் பதிவு செய்து, பின்னால் கம்ப்யூட்டரில் ஏற்றியது. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. வேறு படி எடுத்து வைக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பயாஸ் என்ற பெயரை வைத்தவர் அமெரிக்கர் கேரி கில்டால். 1970-களின் நடுவில் சிபி/எம் என்ற இயக்க முறையை எழுதியபோது, இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் பகுதிக்கு அவர் இட்ட பெயர் அது. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் என்றாலும், கிரேக்க மொழியில் அதே ஒலிக்கு 'உயிர்' என்று பொருள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கிரேக்க வேர்ச்சொற்களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அதனால் இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். பொருத்தமும்கூட. மின்சாரம் வந்தவுடன் செயலிக்கு ஒன்றும் தெரியாது. பிறந்த குழந்தை போல, ஒரே ஒரு முகவரியை மட்டும் தேடிப் போய் அங்கே எழுதியிருப்பதைப் படிக்கும். அங்கிருந்துதான் நினைவகம் எங்கே, விசைப்பலகை எங்கே, டிஸ்க் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளும். அந்த முகவரியில் எழுத்து இல்லையென்றால் விசிறி மட்டும் சுற்றும்.

ஐபிஎம் கம்பெனியின் முதல் பெர்சனல் கம்ப்யூட்டர் 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அதன் பயாஸ் 8 கிலோபைட். தட்டச்சு செய்தால் நாலைந்து பக்கம் வரும், அவ்வளவுதான். அது தொழிற்சாலையிலேயே சிப்பில் அச்சடித்தது போலப் பதிக்கப்பட்டது. மாற்றவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. பின்னால் ஹார்ட் டிஸ்க் இணைக்க விரும்பியவர்களுக்கு 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸ் தேவைப்பட்டது. அவர்கள் பழைய சிப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினார்கள். அப்டேட் என்றால் அன்று ஸ்க்ரூ டிரைவர் வேலை.

அழித்து எழுதக்கூடிய சிப் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் என்பவர் வேறொரு சிப்பில் வந்த கோளாறை ஆராயப் போய், 1971-இல் ஈப்ராம் என்பதைக் கண்டுபிடித்தார். அதன் தலையில் குவார்ட்ஸ் கண்ணாடியால் ஒரு சிறு ஜன்னல் இருக்கும். அதன் வழியாகப் புறஊதா ஒளியைப் பல நிமிடங்கள் காட்டினால் எழுத்து அழியும். பழைய கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு, பயாஸ் சிப்பின் மேல் கம்பெனி பெயரோடு ஒட்டியிருந்த சீட்டு நினைவிருக்கலாம். வெறும் விளம்பரச் சீட்டு அல்ல அது. ஜன்னல் வழியாக வெளிச்சம் போகாமல் காத்ததும் அதுதான். (அந்தச் சீட்டுகளில் அடிக்கடி கண்ணில் பட்ட பெயர் ஏஎம்ஐ. அமெரிக்காவில் 1985-இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுப்பிரமணியன் சங்கர், நம் இந்தியர்.)

கழற்றாமலே, போர்டில் இருந்தபடியே அழித்து எழுதலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது ஃப்ளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அதை உலகுக்குச் சொன்னார். கேமரா ஃப்ளாஷ் போலப் பளிச்சென்று ஒரே வீச்சில் அழிகிறது என்று அவருடைய சக ஊழியர் ஒருவர் இட்ட பெயர்தான் ஃப்ளாஷ். அந்த ஒரே வீச்சில்தான் வில்லங்கமும் இருக்கிறது. ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் ஒரு கட்டம் முழுவதையும் வெள்ளைத் தாளாக்கிவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் உத்தியோகத்தின் முதல் வருடங்கள் நினைவுக்கு வந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவேடுகளை எடுத்துப் படி கொடுக்கும் பிரிவில் இருந்தேன். அந்த ஏடுகளில் அழித்து எழுதவே கூடாது. தவறான சொல்லை வாசிக்கும்படி ஒரு கோடு மட்டும் போட்டு, அடித்த சொற்கள் இத்தனை, அவை செல்லாது என்று 'மோ ரெய்யே நுல்' எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிற்பாடு கோர்ட் தீர்ப்பால் பெயர் மாறினால் அதையும் ஓரத்தில்தான் குறிப்பார்கள், உள்ளே தொட மாட்டார்கள். அதோடு எல்லாம் இரண்டு படி. ஒன்று மேரியில், ஒன்று கோர்ட்டில். காலனிகளுக்கென்று பதினாறாம் லூயி 1776-இல் போட்ட ஆணைப்படி மூன்றாவது படி கப்பலேறிப் பிரான்சுக்குப் போக வேண்டும். அந்தத் தொகுப்பு இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இங்கே கறையான் தின்ற பக்கத்துக்கு அங்கே பதில் கிடைத்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

கம்ப்யூட்டர்காரர்களும் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்டெல் தந்த 128 கிலோபைட் ஃப்ளாஷ் சிப் ஒன்றில் 8 கிலோபைட் மட்டும் பூட்டி வைத்த பகுதி. அப்டேட் அதைத் தொடாது. மற்றதெல்லாம் பாழானாலும், ஃப்ளாப்பியிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளும் அளவுக்கு அறிவு அந்த எட்டில் இருக்கும். அப்போது திரையில் ஒன்றும் தெரியாது. பீப் சத்தத்தையும் ஃப்ளாப்பி விளக்கையும் வைத்துத்தான் வேலை நடக்கிறதா என்று ஊகிக்க வேண்டும்.

அந்தப் பூட்டை எல்லோரும் ஒழுங்காகப் போடவில்லை என்பது 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை தெரிந்தது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்ற பெயரும் பெற்ற சிஐஎச், தைவானில் ஒரு கல்லூரி மாணவர் எழுதியது. அளவு சுமார் 1 கிலோபைட். டிஸ்க்கின் முதல் பகுதியைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, பிறகு பயாஸ் சிப்பின் மேல் கை வைக்கும். எல்லாப் போர்டிலும் அதன் ஜம்பம் சாயவில்லை. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் இருந்தவை அதிகம் மாட்டின. கொரியாவிலும் துருக்கியிலும் சேதம் மிக அதிகம்.

நான் வேலை பார்த்த பிரிவிலும் அன்று இரண்டு மிஷின்கள் எழவில்லை. ஒன்றில் டிஸ்க் மட்டும் போயிருந்தது. இன்னொன்றில் திரையே வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த இன்ஜினியர் செய்ததை நாங்கள் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தோம். அதே மாடல் நல்ல மிஷின் ஒன்றை ஓடவிட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பைக் கொக்கியால் நெம்பி எடுத்தார். மிஷின் நிற்கவில்லை. ஓட ஆரம்பித்ததும் பயாஸின் படி நினைவகத்துக்குப் போய்விடுகிறது, அதனால் சிப் இல்லாமலும் சற்று நேரம் தாங்கும் என்றார். காலியான இடத்தில் செத்த சிப்பைச் செருகி, அதில் புதிதாக எழுதி, அதனதன் மிஷினில் திரும்ப வைத்தார். இரண்டும் எழுந்தன. எங்கள் சூப்பரின்டென்டன்ட் கைதட்டியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

அதே காலத்தில் தைவானின் கிகாபைட் கம்பெனி ஒரே போர்டில் இரண்டு பயாஸ் சிப் வைத்து விற்கத் தொடங்கியது. ஒன்று கெட்டால் மற்றது எழுப்பும். பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் பல போர்டுகளில் பின்பக்கம் ஒரு சிறு பொத்தானும் வருகிறது. பென் டிரைவில் ஃபைலை வைத்து, குறிப்பிட்ட யுஎஸ்பி வாயில் செருகி அழுத்தினால், பயாஸ் செத்திருந்தாலும் தானே எழுதிக்கொள்ளும். என் போர்டு மலிவு விலைக்கு வாங்கியது. இரண்டாவது சிப்பும் இல்லை, பொத்தானும் இல்லை.

சனிக்கிழமை பேரன் வந்தான். திட்டவில்லை, அதுவே பெரிய உபகாரம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, காசு போன்ற அந்த 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்தான். பலனில்லை. அந்த பேட்டரி காப்பது தேதியையும் நாம் செய்த அமைப்புகளையும்தான். பயாஸ் எழுத்து வேறு சிப்பில் இருக்கிறது. ஆனாலும் முதலில் செய்து பார்க்க வேண்டியது அதுதான், பல கேஸ்களில் கோளாறு அமைப்புகளோடு நின்றுவிடும் என்றான். பிறகு பென் டிரைவை ஃபேட்32 முறையில் தயார் செய்து, கையேட்டில் சொன்ன பெயரில் ஃபைலை வைத்து முயன்றான். கால் மணி நேரம் காத்தோம். புது போர்டுகள் சில, அப்டேட் முடிந்தபின் நினைவகத்தைச் சரிபார்க்கவே பல நிமிடம் எடுக்கும், அவசரப்பட்டு நிறுத்தி நிஜமாகவே கொல்பவர்கள் உண்டாம். என்னுடையது அந்த ரகமல்ல. எழவில்லை.

பிறகு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேபிளால் தன் லேப்டாப்பில் இணைத்தான். எல்லா ஃபோல்டர்களும் வரிசையாக வந்தன. பயாஸ் வேறு, டிஸ்க் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் அம்மா இருமிவிட்டு, "எங்கேடா விட்டேன்?" என்று கேட்டது காதில் விழும்வரை கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. என் டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இல்லை. உங்களுடையதில் இருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்த வாரம் முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எட்டுக் கால் உள்ள சிறிய சிப் ஒன்றைக் கவ்வும் கிளிப்பை மாட்டினார். அதன் கொள்ளளவு 16 மெகாபைட். முதல் ஐபிஎம் பயாஸ் 2,048 அதில் அடங்கும். எடுத்தவுடன் எழுதவில்லை. முதலில் உள்ளே இருந்ததை அப்படியே தன் கம்ப்யூட்டரில் படி எடுத்தார். "எதுக்கு தம்பி, அதான் கெட்டுப்போச்சே?" என்றேன்.

"இதுக்குள்ளதான் சார் உங்க போர்டோட சீரியல் நம்பர், நெட்வொர்க் நம்பர் எல்லாம் இருக்கு. கம்பெனி ஃபைல்ல அது வராது. அழிச்சிட்டா போனதுதான்."

திரையில் காட்டினார். கொஞ்ச தூரம் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. பிறகு ஓரிடத்திலிருந்து வரிசை வரிசையாக எஃப்எஃப் எஃப்எஃப். ஃப்ளாஷில் வெறும் தாள் அப்படித்தான் தெரியுமாம். வியாழக்கிழமை மின்சாரம் நின்ற இடத்தை நான் கண்ணால் பார்த்தேன். பழைய எண்களைப் புதிய ஃபைலில் ஒட்டி எழுதி, எழுதியதை மறுபடி படித்து ஒப்பிட்டு, "சரியா இருக்கு சார்" என்றார். அறுநூறு ரூபாய் வாங்கினார்.

வீட்டில் ஸ்விட்ச் போட்டபோது திரை வந்தது, உடனே டிஸ்க் இல்லை என்றது. பேரன் சிரித்தான். புது பயாஸில் எல்லா அமைப்பும் கம்பெனி வைத்தபடி இருக்கும், என் விண்டோஸ் பழைய முறையில் போட்டது, அதைக் கண்டுகொள்ளும் அமைப்பை இயக்கியதும் வந்துவிட்டது. கடிகாரம் சில வருடம் பின்னால் இருந்தது. திருத்தினேன்.

விண்டோஸ் 11 இன்னும் போடவில்லை. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. அம்மாவின் பதிவில் ஒரு படி என்னிடம், ஒரு படி லாஸ்பேட்டையில் தங்கை வீட்டு பீரோவில். மூன்றாவது படி, ஜனவரியில் மகள் வந்து திரும்பியபோது அவளோடு பிரான்சுக்குப் போயிற்று.