பெயர் வசைச்சொல்லான வரலாறு: மலாயாவில் கிட்டங்கிகளும் கடன்பட்டோரின் குறைகளும்

உரிமமின்றி வட்டிக்குப் பணம் கொடுப்போரை இந்நாட்டு மலாய் நாளேடுகள் ‘செத்தி ஹராம்’ என்று குறிப்பிடுகின்றன. அவ்வாறு குறிக்கப்படுவோருக்கும் நகரத்தார் சமூகத்திற்கும் பெரும்பாலும் எவ்விதத் தொடர்பும் இருப்பதில்லை. ஆயினும் ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர் தேசிய மொழியில் கொடுவட்டிக்கு மறுபெயராக நிலைத்துவிட்டது. இதற்கு நம்மவர் எழுதிய மறுமொழிகள் பெரும்பாலும் ஒரே வகையின. பினாங்குத் தண்டாயுதபாணி கோயில் 1857-இல் எழுந்தது. சிங்கப்பூர் தேங்க் ரோடு கோயில் 1859-இல் எழுந்தது. நகரத்தார் சிக்கனமானவர், நாணயமானவர் என்பன அவை. இக்கூற்றுகளில் பிழையில்லை. ஆனால் இவை கேட்கப்படாத கேள்விக்கான விடைகள். கடன் வாங்கியவர் எதைக் குறித்து மனக்குறைப்பட்டார் என்பதே முதலில் கேட்கப்படவேண்டிய கேள்வி. அதனையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், கோலாலம்பூர் லெபோ அம்பாங் ஆகிய தெருக்களிலிருந்த கிட்டங்கிகளின் அமைப்பு நம் வாசகர்கள் அறிந்ததே. ஒரே கூடத்தில் பல விலாசங்கள் இருந்தன. ஒவ்வொரு விலாசத்திற்கும் ஒரு பெட்டியடி, ஒரு சாய்மேசை, ஒரு பேரேடு. மேலாளும் அடுத்தாளும் தரையில் அமர்ந்தே தொழில் நடத்தினர். கடன் கேட்டு வருபவர் விண்ணப்பத் தாள் எதனையும் நிரப்பவேண்டியதில்லை. அவருடன் சந்தை மலாயில் பேசுவதற்கு ஆள் இருந்தார். நிலத்தின் கிராண்டைப் பெட்டியில் வைத்துவிட்டால் பணம் கைக்கு வந்தது.

அக்காலத்து ஐரோப்பிய வங்கிகளுடன் ஒப்பிட்டாலன்றி இவ்வெளிமையின் பொருள் விளங்காது. சார்ட்டர்ட் வங்கி 1859-இலும் ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1877-இலும் சிங்கப்பூரில் கிளை திறந்தன. அவை ஏற்றுமதி வணிகத்திற்கும் பெருந்தோட்ட நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்தன. உள்ளூர் வணிகர் அவற்றை அணுகவேண்டுமாயின் கொம்பிரதோர் எனப்படும் இடையாளர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. நான்கு ஏக்கர் ரப்பர் வைத்திருந்த சிறுதோட்டக்காரருக்கு அக்கதவு திறந்ததேயில்லை. நீரிணைக் குடியேற்றங்களில் 1877-இல் தொடங்கப்பட்ட அஞ்சலகச் சேமிப்பு வங்கி ஏழைகளின் பணத்தைப் பெற்றுக்கொண்டது. அவர்களுக்குக் கடன் கொடுக்கவில்லை. கிட்டங்கிக்குச் சென்றவர் ஏமாளியல்லர். தமக்குத் திறந்திருந்த ஒரே வாயிலுக்கே அவர் சென்றார்.

அங்கு அவருக்கு எழுந்த குறைகளுள் வட்டி வீதம் முதன்மையானதன்று என்பது என் கருத்து. வட்டி எவ்வளவு என்பதைப் பேசித்தான் அவர் கடன் பெற்றார். அவரை வாட்டியது தாள். கையெழுத்திட்ட பிராமிசரி நோட்டு ஆங்கிலத்தில் இருந்தது. கணக்கோ தமிழ்ப் பேரேட்டில் இருந்தது. அவரோ பெரும்பாலும் இரண்டையும் வாசிக்க இயலாதவர். கையில் வாங்கிய தொகையைவிட நோட்டில் எழுதிய தொகை அதிகம் என்பது காலனியக் காலமெங்கும் திரும்பத் திரும்பக் கேட்ட முறையீடு. முதல் தவணை வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொள்வதும், எழுத்துக்கூலி போன்ற சில்லறைச் செலவுகளைக் கடன்காரர் தலையில் சுமத்துவதும் இக்குறையைப் பெருக்கின. கட்டிய பணத்திற்கு ரசீது பெறாதவர், கட்டியதை மெய்ப்பிக்க வழியற்றவரானார். கிராண்டு கடன் கொடுத்தவர் பெட்டியில் இருக்கும்வரை வேறிடத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிப் பழையதைத் தீர்ப்பதும் எளிதாக இருக்கவில்லை. எழுத்தறிவு ஒரு பக்கமும் கைந்நாட்டு மறுபக்கமும் அமர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வரலாற்று வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது மாணவர்கள் வட்டிக் கணக்கிலேயே நின்றுவிடுகின்றனர். தாள் எம்மொழியில் இருந்தது என்று கேட்பவர் அரிது.

மறுபுறம், பெட்டியடியில் இருந்தவரும் தனித்து முடிவெடுக்கும் நிலையில் இல்லை. அவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த முகவர். முதல் போட்டவர் செட்டிநாட்டில் இருந்தார். நகரத்தார்க்குள் ஒருவருக்கொருவர் கொடுத்துவாங்கும் பணத்திற்கான நடப்பு வட்டி, கோயிலில் கூடிய கூட்டங்களில் முடிவுசெய்யப்பட்டது. அதற்குமேல் எவ்வளவு ஈட்டினார் என்பதைக் கொண்டே முகவரின் திறமை அளக்கப்பட்டது. ஊர் திரும்புமுன் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்நிலையில், விளைச்சல் பொய்த்த குடியானவருக்கு இரண்டு ஆண்டு தவணை நீட்டிக்கொடு என்றால் அவர் யாரைக் கேட்பார்? பல விலாசங்கள் ஐரோப்பிய வங்கிகளிடமும் கடன்பட்டிருந்தன. ஆக, கிட்டங்கி வாசலில் கடன்காரர் நின்றார். வங்கி வாசலில் முகவர் நின்றார்.

இந்தச் சங்கிலி 1930களில் அறுந்தது. 1910 ஏப்ரலில் இலண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் 12 சில்லிங் 9 பென்சுக்கு விற்றது. 1932-இல் இரண்டு பென்சுக்கும் கீழே சரிந்தது. ஈடு வைத்த நிலத்தின் மதிப்பு கடன் தொகையைவிடக் குறைந்தபோது கடனைக் கட்டுவதில் பயனில்லை. கட்டாத கடனுக்கு நிலத்தைத் தவிர வேறு பற்றுக்கோடும் இல்லை. பர்மாவில் இதன் விளைவு மிகக் கொடியதாயிற்று. அங்குள்ள முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் வசம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1938-இல் அது 25 விழுக்காடு. மலாயாவில் நிலைமை அந்த அளவுக்குச் செல்லவில்லை. செல்லவிடாமல் தடுத்தவற்றுள் ஒன்று சட்டம்.

1913-ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், ஒதுக்கப்பட்ட நிலத்தை மலாய்க்காரரல்லாதார்க்கு விற்பதைத் தடுத்திருந்தது. ஆனால் ஈடு வைப்பதில் பெரும் ஓட்டை இருந்தது. 1933-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட புதிய சட்டம் அவ்வோட்டையை அடைத்தது. அத்தகைய நிலத்தை மலாய்க்காரரல்லாதார்க்கு ஈடாக வைக்கவும், நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் பறிமுதல் செய்யவும் இனி இயலாது. நிலம் காக்கப்பட்டது. கடன்பட்டவரின் குறை தீர்ந்ததா? ஈடு ஏற்கமுடியாத நிலத்திற்குக் கிட்டங்கி கடன் கொடுக்காது. ஆகவே நெல் விளையும் முன்பே அதனை மலிவு விலைக்கு ஒப்படைப்பதாகச் சொல்லி முன்பணம் பெறும் ‘பாடி குஞ்சா’ முறைக்கும், மளிகைக்கடைக் கடனுக்கும் பல குடியானவர்கள் மேலும் கட்டுப்பட்டனர். நிலத்தைக் கருதிய அரசு, அந்நிலத்தில் உழுதவரின் பணத்தேவையைக் கருதவில்லை. 1922-இல் தோன்றிய கூட்டுறவுத் துறை இவ்விடைவெளியை நிரப்பும் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

இங்குத் தோட்டத் தமிழரையும் நினைவுகூர வேண்டும். ஈடு வைக்க நிலமில்லாத பால்மரத் தொழிலாளி கிட்டங்கிக்கு வாடிக்கையாளரே அல்லர். அவருடைய கடன் கங்காணியிடமும் தோட்டக் கடையிலும், ‘வங்காளி’ என்று நம் மக்கள் தவறாக அழைத்த பஞ்சாபியக் காவலாளியிடமும் இருந்தது. ‘தமிழர் வட்டிக்கு விட்டார், மலாய்க்காரர் கடன்பட்டார்’ என்ற எளிய சித்திரம் இரு சமூகத்தாரின் நினைவிலும் பதிந்திருக்கிறது. கடன்பட்டோரில் தமிழர் எத்தனை பேர் என்பதை அச்சித்திரம் மறைத்துவிடுகிறது.

தாளைப் பற்றிய குறைகளுக்குச் சட்டம் செவிசாய்த்தது பின்னரே. நீரிணைக் குடியேற்றங்களில் 1935-இலும் மலாயாக் கூட்டரசில் 1951-இலும் வட்டிக்கடைக்காரர் சட்டங்கள் வந்தன. இரண்டுக்கும் 1927-ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டமே முன்மாதிரி. எனினும் இங்கிலாந்தில் 48 விழுக்காட்டிற்கு மேற்பட்ட வட்டியே மிகையெனக் கருதப்பட, 1951 சட்டம் ஈட்டுக்கடனுக்கு 12, ஈடில்லாக் கடனுக்கு 18 என வரம்பிட்டது. அதன் பிரிவுகளைக் குறைப்பட்டியலாகவே வாசிக்கலாம். ஒப்பந்தக் குறிப்பில் கடன் பெறுபவர் கையெழுத்திட வேண்டும், அதன் படி அவருக்குத் தரப்பட வேண்டும் என்றது ஒரு பிரிவு. கூட்டுவட்டியை மற்றொன்று விலக்கியது. கடன் எழுதும் செலவை வாங்குபவரிடம் வசூலிப்பதை இன்னொன்று தடுத்தது. கணக்கைக் கேட்டுப்பெறும் உரிமையும் வந்தது. கையில் கிடைத்ததற்கும் தாளில் இருந்ததற்கும் இடையே ஒரு தலைமுறை பட்ட துன்பத்தை அறிந்தவருக்கு இப்பிரிவுகள் வெறும் சட்டமொழியல்ல.

ஆனால் இச்சட்டங்கள் ஒரு சாராரை முற்றிலும் விலக்கி வைத்தன. வங்கிகள் வட்டிக்கடைக்காரர் என்னும் வரையறைக்குள் வரவில்லை. கிட்டங்கிகள் தேய்ந்து, கடன் கேட்போர் வங்கி முகப்புகளுக்கு நகர்ந்தபோது, தயாரிப்புக் கட்டணம், தாமதக் கட்டணம், முன்கூட்டித் தீர்ப்பதற்கான அபராதம் ஆகியவை புதிய பெயர்களில் அவர்களுடன் வந்தன. எழுத்துக்கூலியைத் தடுத்த பிரிவு அவற்றைத் தொடவில்லை. வங்கி வாடிக்கையாளர் முறையிடுவதற்கென ஒரு நடுவர் பணியகம் மலேசியாவில் 1990களின் பிற்பகுதியில்தான் அமைந்தது. 1951 சட்டத்திற்கும் அதற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அதற்குள் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டுவிட்டன; ‘செத்தி’ என்ற சொல் மட்டும் வழக்கில் இருந்தது.